சப்பாத்திக்கள்ளியை இனங்காணல்

கள்ளி என்னும் பெயர் தமிழில் இருவேறு குடும்பத்துச் செடிகளுக்கு வழங்குகின்றது. சதுரக்கள்ளி முதலியன ஒரு குடும்பம். அவற்றைக் கீறினால் பால் வடியும். சப்பாத்திக்கள்ளி மற்றொரு குடும்பம். அதனிடம் பால் இல்லை, வழவழப்பான சாறே உண்டு. இதன் தாயகம் அமெரிக்கக் கண்டமாகும். 1492-இல் கொலம்பசு அங்குச் சென்ற பின்னரே இது பிற நாடுகளிற் பரவிற்று. ஆதலின், சங்கப் பாடல்களில் வரும் பாலைநிலக் கள்ளிக்குச் சப்பாத்திக்கள்ளியின் படத்தைக் காட்டி மாணவர்க்கு விளக்குதல் பொருந்தாது. இப்பிழையைத் தவிர்க்க, இச்செடியை அதன் தாயகத்தில் வைத்தே அறிதல் நன்று.

சொனோரா என்னும் பாலைநிலம் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரிசோனா மாநிலத்திலும் அண்டையிலுள்ள மெக்சிகோவிலும் பரந்து கிடக்கின்றது. அங்கே இயற்கையாக வளரும் சப்பாத்திக்கள்ளிகள் பல.

பொது அடையாளங்கள்

இலை எனப் பலரும் எண்ணும் தட்டையான பகுதி உண்மையில் தண்டே. மெய்யான இலைகள் இளந்தண்டிற் சிறு கூம்புகளாகத் தோன்றி விரைவில் உதிர்ந்துவிடும். தண்டின் மேலுள்ள புள்ளி ஒவ்வொன்றிலும் நெடுமுட்களேயன்றி, மயிர் போன்ற சுணைமுட்களும் செறிந்திருக்கும். தொட்ட அளவில் அவை தோலிற் பதிந்துகொள்ளும். சுணை இருப்பினும் தண்டு உருளையாயின் அது சப்பாத்திக்கள்ளியன்று. அதன் உறவினமாகிய சொய்யா ஆகும்.

இரண்டு இனங்கள்

தாவரநூலறிஞர் எங்கல்மான் பெயரால் வழங்கும் இனம் புதராகப் படரும். அதன் முட்கள் வெண்ணிறத்தன, பூக்கள் மஞ்சள், கனிகள் சாறு நிறைந்த கருஞ்சிவப்பு. அப்பகுதியின் தொல்குடியினரான ஓதாம் மக்கள் இக்கனிகளை உணவாகக் கொள்வர். பீவர் என்னும் விலங்கின் வாலை ஒத்த தண்டுடைய மற்றோர் இனம் சாம்பல் கலந்த நீலப்பச்சை நிறத்தது. அதற்குப் பெரும்பாலும் நெடுமுள் இல்லை. அதனால் தீங்கற்றது என எண்ணித் தொடுவோர் சுணையால் வருந்துவர். அதன் பூக்கள் ஊதா கலந்த சிவப்பு. கனி முதிர்ந்ததும் உலர்ந்துவிடும்.

முள்ளை மட்டும் கண்டோ, நிறத்தை மட்டும் கண்டோ பெயரிடலாகாது. சில இனங்களின் பச்சைத் தண்டு குளிரிலும் வறட்சியிலும் ஊதாவாக மாறும். இனங்கள் தம்முட் கலந்து புதுவடிவு கொள்வதும் உண்டு. ஆகவே தண்டு, முள், பூ, கனி ஆகிய நான்கையும் ஒருங்கே நோக்கவேண்டும்.

பெயர் மயக்கம்

அரிசோனாவின் தோட்டங்களில் மரம்போல் உயர்ந்து நிற்கும் பெருங்கள்ளி அந்நிலத்துக்கு உரியதன்று. மெக்சிகோவில் மக்கள் பன்னெடுங்காலம் பயிரிட்டு வளர்த்த இனம். தாவரநூலார் அதற்கிட்ட ‘ஃபிக்கசு இண்டிக்கா’ என்னும் பெயர்க்கு ‘இந்திய அத்தி’ என்பது பொருள். அஃது இந்தியாவுக்குரியதும் அன்று, அத்தியும் அன்று. பெயர் ஒன்றாயிருத்தலால் பொருளும் ஒன்றே எனக் கொள்ளலாகாது என்பதற்குத் தமிழில் கள்ளி சான்றாதல் போல, தாவரநூலில் இப்பெயர் சான்றாகும்.