திருகோணமலையின் காலநிலை: கச்சானும் வாடையும்

இலங்கையின் காலநிலையை ஈரவலயம், உலர்வலயம் என இரண்டாகப் பகுத்துரைப்பது பாடநூல் வழக்கு. திருகோணமலை உலர்வலயத்துள் அடங்கும். ஆயின், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1600 மில்லிமீற்றர் மழை பெறும் நகரை 'உலர்ந்தது' என்பது எவ்வாறு பொருந்தும்? இலண்டன் மாநகர் பெறும் மழை இதில் அரைப்பங்குமில்லை. இம்முரண்பாட்டுக்கான விடை மழையின் தொகையிலன்று, அதன் காலப் பங்கீட்டிலேயே உள்ளது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மழை ஒக்ரோபர் முதல் ஜனவரி வரையான நான்கு மாதங்களுள் பொழிந்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களுட் பெரும்பாலானவற்றில் ஆவியாகும் நீர் பெய்யும் நீரை விஞ்சுகிறது. ஆண்டுச் சராசரி என்னும் எண் இவ்வுண்மையை மறைத்துவிடுகிறது.

மே முதல் செப்ரெம்பர் வரை வீசுவது தென்மேற்குப் பருவக்காற்று. இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்துவரும் இக்காற்று, மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் உயர்ந்து குளிர்ந்து, அவ்வீரத்தின் பெரும்பகுதியை அங்கேயே மழையாக இழக்கிறது. நீராவி ஒடுங்கும்போது மறைவெப்பம் வெளிப்படுவதனால், மேலெழும் காற்றின் வெப்பநிலை கிலோமீற்றருக்கு ஐந்து அல்லது ஆறு பாகையளவே குறைகிறது. மலையைக் கடந்து கீழிறங்கும் வறண்ட காற்றோ கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை வீதம் சூடேறுகிறது. எனவே மேற்குச் சரிவில் ஏறத்தொடங்கியபோது இருந்ததைவிட வெம்மையும் வறட்சியும் மிக்கதாய் அது கீழைக்கரையை அடைகிறது. இதனையே கிழக்கிலங்கை மக்கள் 'கச்சான்' என்பர் (நாம் கொறிக்கும் கச்சானை ஈண்டு நினைத்தல் வேண்டா). அல்ப்சு மலைச்சாரலின் 'போன்' காற்றை விரித்துரைக்கும் நம் பாடநூல்கள், அதன் உடன்பிறப்பாகிய கச்சானுக்கும் சில பக்கங்கள் ஒதுக்குதல் தகும்.

கச்சான் வன்மையாக வீசும் நாள்களில் பிற்பகற் கடற்காற்றுக் கரையேற இயலாது தடைப்படும். ஜனவரியில் 27 பாகை செல்சியசு அளவிலிருக்கும் பகல் உச்ச வெப்பநிலை, யூன், யூலை மாதங்களில் 34, 35 பாகையைத் தொடுவதுண்டு. நிலத்துக்குக் கொடிதாகிய இக்காற்று, கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதனால், கீழ்க்கடலை அமைதியுறச் செய்கிறது. மேற்குக் கடல் கொந்தளிக்கும் அக்காலத்தில் நீர்கொழும்பு, சிலாபப் பகுதி மீனவர் கீழ்க்கரைக்கு வந்து, வாடி அமைத்துத் தொழில் புரிந்து, பருவம் மாறியதும் மீள்வது நெடுங்கால வழக்கு. கடற்றொழிலாளிக்கு ஆண்டென்பது இவ்வமைதி மாதங்களே. அவற்றில் விதிக்கப்படும் தடை முழு ஆண்டின் ஊதியத்தையும் பறிப்பதாகும். 1983 முதல் 2009 வரையான போர்க்காலக் கடற்றடைகள் விளைத்த இழப்பை நாள்களை எண்ணி மட்டும் அளத்தல் போதாது.

ஒக்ரோபரில் அயனவிடை ஒருங்கல் வலயம் தெற்கு நோக்கிப் பெயர, மேற்காவுகையால் மாலைநேர இடிமழை தொடங்குகிறது. பின்னர் வங்காள விரிகுடாவின் தாழமுக்கங்களும், டிசெம்பரில் நிலைபெறும் வாடைக்காற்றும் மழையை மிகுவிக்கின்றன. பெரும்போக நெற்செய்கை இம்மாரியை நம்பியது. சிறுபோகமோ கந்தளாய்க் குளம் போன்றவற்றின் நீர் பாயும் வயல்களுக்கே உரியது. மானாவாரி நிலமுடையான் ஆண்டுக்கு ஒருமுறையே விதைக்கிறான்.

மாரி சிலவேளை சூறாவளியாகவும் வரும். 1964 டிசெம்பரில் இலங்கையின் வடபகுதியைக் கடந்து தனுஷ்கோடியை அழித்த சூறாவளி திருகோணமலையையும் தாக்கியது. 2000 டிசெம்பர் 26இலும், 2020 டிசெம்பர் 2இலும் (புரெவி) இக்கரையை அண்டியே சூறாவளிகள் தரைதொட்டன.

இந்நகரின் அரசியல் வரலாறும் காற்றோடு பிணைந்தது. பாய்க்கப்பற் காலத்தில், வாடை வீசும் மாதங்களிற் சோழமண்டலக் கரையில் போர்க்கப்பல்களுக்குப் புகலிடம் இருந்ததில்லை. குன்றுகள் சூழ்ந்த திருகோணமலை உட்டுறைமுகமே அண்மையிலிருந்த காப்பிடம். 1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியரும், அவ்வாண்டு ஓகஸ்டிற் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும், 1795இல் மீண்டும் பிரித்தானியரும் இதனைக் கைப்பற்றியமைக்கு இது முதன்மைக் காரணங்களுள் ஒன்று. பேரரசுகளின் கப்பல்கள் அக்குன்றுகளின் மறைவில் நங்கூரமிட்டன. நகரின் மறுபுறத்து மீனவரின் வள்ளங்கள் வாடை நேரே மோதும் திறந்த மணற்கரையிலேயே இழுத்து வைக்கப்படுகின்றன.