பையில் என்ன இருக்கிறது?

நியாலாஸில் ஒட்டுக்கடைக்குப் பசியாறப் போனால், நாட்டு நடப்பு முழுவதும் காதில் விழுந்துவிடும். அன்று பேச்சு போதைப்பொருள் பக்கம் திரும்பியது.

“கொண்டு போறவனைத் தூக்குல போடணும் தம்பி” என்றார், பால்மரம் சீவி ஓய்ந்த பெரியவர்.

“மாட்டுறது ஏழைப் பையன்தானே மாமா! கொடுத்து விட்டவன் எங்கே?” என்றார் தோசை வார்த்துக்கொண்டிருந்த அக்கா.

வானொலியில் பேசினாலும் நேயர்கள் இப்படித்தான் இரண்டாகப் பிரிவார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை.

1952ஆம் ஆண்டு அபாயகரமான போதைப்பொருள் சட்டப்படி, 15 கிராம் ஹெராயின் அல்லது 200 கிராம் கஞ்சா கையில் இருந்தாலே கடத்தல் என்று அனுமானிக்கப்படும். 15 கிராம் என்பது மூன்று நான்கு தேக்கரண்டிச் சீனியின் எடை. ‘எனக்குத் தெரியாது’ என்று சொன்னால் போதாது. அதைப் பிடிபட்டவர்தான் நிரூபிக்க வேண்டும்.

2023 ஜூலை 4 முதல் நம் நாட்டில் கட்டாய மரண தண்டனை இல்லை. அதற்காகத் தூக்கே இல்லை என்று நினைக்க வேண்டாம். நீதிபதி மரண தண்டனையும் விதிக்கலாம். ஆயுள் சிறையும் பிரம்படியும் கொடுக்கலாம்.

ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் இன்னும் கடுமை. ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம் 2009இல் 42.72 கிராம் ஹெராயினுடன் சிங்கப்பூரில் பிடிபட்டார். 2022 ஏப்ரல் 27இல் தூக்கிலிடப்பட்டார்.

என் சித்தி மகனிடமும் ஒருவர் கேட்டார்: “இந்தப் பையைக் கொடுத்துட்டு வா, 500 வெள்ளி.” அவன் என்னை அழைத்துக் கேட்டான்; வேண்டாம் என்றேன். கேட்காமல் போயிருந்தால்?

உங்கள் வீட்டுப் பிள்ளை யாரை அழைத்துக் கேட்பான்?