இலங்கைக்கு டூர் போறீங்களா? மழைக்காலத்துல டிக்கெட் போட்டுடாதீங்க!

மரக்காணம் உப்பளங்களில் வேலை இல்லாத காலம் என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். வடகிழக்கு பருவமழை இறங்கியதும் பாத்திகளில் தண்ணீர் நின்று விடும். பொங்கலை ஒட்டி பாத்தியை சீர் செய்து, வெயில் ஏறிய பிறகுதான் உப்பு வாரும் வேலை சூடு பிடிக்கும். "சும்மா இருக்கிற மூணு மாசத்துல பக்கத்துல இருக்கிற இலங்கையை ஒரு எட்டு பார்த்துட்டு வந்தா என்ன?" என்று தோன்றுவது சகஜம். அங்கேதான் இடிக்கிறது.

இங்கு மழை கொட்டும் அதே மாதங்களில்தான் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் கொட்டுகிறது. ஒரே வங்கக்கடல், ஒரே புயல். 2024 நவம்பர் 30-ந்தேதி இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த பெஞ்ஜல் புயலை மரக்காணம்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த புயல் இந்தப்பக்கம் வருவதற்கு முன்பே இலங்கையின் கிழக்கு பகுதியை வெள்ளக்காடாக்கி விட்டது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் தாக்கியதில் அங்கு 600-க்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். மலையகத்தில் நிலச்சரிவு ஏற்பட்டு ரெயில் பாதைகளும் சேதம் அடைந்தன. நுவரெலியா, எல்ல பக்கம் ரெயிலில் போக நினைப்பவர்கள் எந்த பாதையில் ரெயில் ஓடுகிறது என்று விசாரித்து விட்டு கிளம்புவது நல்லது.

கப்பலுக்கும் இதே கதிதான். நாகப்பட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14-ந்தேதி தொடங்கியது. மழைக்காலம் வந்ததால் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. பிறகு 2024 ஆகஸ்டு 16-ந்தேதிதான் மீண்டும் ஓடியது. சுமார் 4 மணி நேர பயணம். கடல் கொந்தளித்தால் கப்பல் கிளம்பாது. எனவே திரும்பி வந்த மறுநாளே வேலைக்கு போக வேண்டும் என்று கணக்கு போடாமல், 2 நாள் கூடுதலாக கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த 2 நாள் சாப்பாட்டு செலவும் தங்கும் செலவும் பட்ஜெட்டில் இருக்க வேண்டும். சென்னையில் இருந்து கொழும்புக்கும், யாழ்ப்பாணத்துக்கும் விமானம் உண்டு.

அப்படியானால் எப்போது போவது? உப்பு சீசன் முடியும் செப்டம்பர்தான் தோதான மாதம். யாழ்ப்பாணம், திருகோணமலை பக்கம் அப்போது பெரிய மழை இருக்காது. பிள்ளைகளுக்கு காலாண்டு லீவும் செப்டம்பர் கடைசியில் வந்து விடும். கொழும்பு, கண்டி, காலி என்றால் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் நன்றாக இருக்கும். ஆனால் அப்போது உப்பளத்தில் கூலி ஓடிக்கொண்டிருக்குமே!

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் 3 மாதம் முன்பே விண்ணப்பித்து விடுவது நல்லது. பெரியவர்களுக்கு சாதாரண கட்டணம் 1,500 ரூபாய். 10 வருஷம் செல்லும். போலீஸ் விசாரணைக்கு தனியாக யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் 'இ.சி.ஆர்.' என்று குறிப்பிடுவார்கள். ஊர் வழியாக போகும் கிழக்கு கடற்கரை சாலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வேலைக்காக குறிப்பிட்ட சில நாடுகளுக்கு போகிறவர்கள் முன் அனுமதி வாங்க வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம். வளைகுடா நாடுகளும் மலேசியாவும் அந்த பட்டியலில் உள்ளன, இலங்கை இல்லை. சுற்றிப்பார்க்க போகிறவர்களுக்கு இது தடையே அல்ல. "இ.சி.ஆர். எடுத்து தர்றேன், 10 ஆயிரம் குடு" என்று கேட்கும் ஏஜெண்டுகளை அப்படியே திருப்பி அனுப்பி விடலாம்.

இலங்கைக்கு போகும் முன் ஆன்லைனில் பயண அனுமதி எடுக்க வேண்டும். இதன் கட்டண விதிகளை அந்நாட்டு அரசு பலமுறை மாற்றியுள்ளது. விண்ணப்பிக்கும் அன்று அந்நாட்டு குடிவரவு துறையின் இணையதளத்திலேயே பார்ப்பதுதான் பாதுகாப்பு. பாஸ்போர்ட்டில் இன்னும் 6 மாதமாவது காலம் பாக்கி இருக்க வேண்டும். திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் முகவரி இரண்டையும் பேப்பரில் வைத்திருந்தால் விமான நிலையத்தில் விழிக்க வேண்டாம். டூரிஸ்டாக போய் அங்கு வேலை செய்வது குற்றம்.

நம் ஒரு ரூபாய்க்கு அங்கு 3 ரூபாய்க்கு மேல் கிடைக்கும். அதை பார்த்து மலைத்துப்போய் செலவழித்தால் காலி, ஏனென்றால் பொருள் விலையும் அதற்கு தகுந்தபடிதான் இருக்கும். 2024 பிப்ரவரி முதல் நம் ஊர் யு.பி.ஐ. அங்கும் செல்கிறது. ஆனாலும் எல்லா பெட்டிக்கடையிலும் செல்லும் என்று நம்பி போகக்கூடாது. கடன் வாங்கி போவதாக இருந்தால் யோசனையே வேண்டாம். மழைக்கால நிவாரணமாக அரசு தரும் 5 ஆயிரம் ரூபாய் வீட்டு அடுப்புக்கே பத்தாது.

பவுர்ணமி தினத்தில் அங்கு மதுக்கடைகள் திறக்காது. புத்தர் சிலைக்கு முதுகை காட்டி போட்டோ எடுத்தால் போலீஸ் கேஸ் வரைக்கும் போகும். 2014-ல் கையில் புத்தர் படம் பச்சை குத்தியிருந்த வெளிநாட்டு பெண்ணை கைது செய்து திருப்பி அனுப்பி விட்டனர்.

உப்பளக்காரர்கள் பார்க்க வேண்டிய இடம் ஒன்றும் அங்கு உண்டு. கிளிநொச்சியில் இருந்து யாழ்ப்பாணம் போகும் வழியில் உள்ள ஆனையிறவு உப்பளம்தான் அது. போரால் முடங்கிப்போன அந்த உப்பளத்தில் 2025 மார்ச்சில் புதிய உப்பு தொழிற்சாலை திறந்தார்கள். மழையால் உற்பத்தி கெட்டு, அதே ஆண்டில் இந்தியாவில் இருந்து உப்பை இறக்குமதி செய்ய வேண்டிய நிலையும் அந்த நாட்டுக்கு வந்தது. யாழ்ப்பாணம் போகும் பஸ்சில் ஜன்னல் ஓரம் இடம் பிடித்தால் ஆனையிறவை பார்த்து விடலாம்.