எம்.டெக் படிக்க பணம் இல்லையா? லோனுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

பி.இ முடிச்சு எம்.டெக் சேர ஆசை, வீட்டுல பணம் கேட்கத் தயக்கமா? முதல்ல கேட் தேர்வை எழுதுங்க. கேட் ஸ்கோரோடு ஏ.ஐ.சி.டி.இ அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுநேர எம்.டெக் சேர்ந்தால், மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை, அதிகபட்சம் 24 மாதங்கள். கிட்டத்தட்ட 3 லட்சம் பாஸ்! ஆனா, அட்மிஷன் போடும்போதே ஸ்கோர் செல்லுபடியில் இருக்கணும். சேர்ந்த பிறகு எழுதிக்கலாம்னு நினைச்சா கிடைக்காது. முதல் செமஸ்டர் ஃபீஸுக்கு இதை நம்பவும் வேண்டாம்; பணம் கைக்கு வர நாளாகலாம்.

ஃபீஸுக்கு கல்விக்கடன் வாங்குறீங்களா? 'படிச்சு முடிச்சுட்டு கட்டினா போதும்'னு சொன்னதும் மயங்கிடாதீங்க. தவணைக்குத்தான் லீவு, வட்டிக்கு இல்லை. 10% வட்டியில் 5 லட்சம் வாங்கினா, வருஷத்துக்கு 50,000 ரூபாய் ஏறும். உதவித்தொகையில் மாசம் 4,200 ரூபாய் எடுத்து வட்டியை அப்பப்போ கட்டிடுங்க. அப்படிக் கட்டுறவங்களுக்கு 1% வட்டிச் சலுகை தரும் வங்கிகளும் உண்டு. கையெழுத்து போடும் முன்னாடியே மேனேஜர்கிட்ட கேட்டுடுங்க.