நடுவது ஒரு நாள், காப்பது பல கோடை

மரம் நடு விழாக்களுக்கு நம் ஊர்களில் குறைவில்லை. விழா முடிந்து அடுத்த கோடையில் அக்குழிகளைச் சென்று பார்ப்போர்தாம் குறைவு. தம் தெருக்களை மலராலும் நிழலாலும் பொலிவுறச் செய்ய விழையும் மக்கள் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது இக்குறையையே. அதற்குத் தக்க பாடம் திருவண்ணாமலையில் இருக்கிறது.

ஏறத்தாழ 800 மீட்டர் உயரமுள்ள அம்மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நீளக் கிரிவலப் பாதை செல்கிறது. விறகு வெட்டலும் மேய்ச்சலும் தீயும் சேர்ந்து சென்ற நூற்றாண்டில் மலையைப் பெரிதும் மொட்டையாக்கியிருந்தன. 1980களின் இறுதியில் அண்ணாமலை ரீஃபாரஸ்டேஷன் சொசைட்டி என்னும் அமைப்பு மலையை மீண்டும் பசுமையாக்கும் பணியில் இறங்கியது. ஆஸ்திரேலியச் சூழலியலாளர் ஜான் சீட் அதற்குத் துணைநின்றார். பின்னாளில் தி ஃபாரஸ்ட் வே என்னும் அறக்கட்டளையும் மண்ணுக்குரிய மரவகைகளின் நாற்றுகளை வளர்த்து மலையில் நட்டு வருகிறது.

அங்கே கன்றுகளின் முதற்பகை தீயாகும். மழைக்காலத்தில் ஆளுயரம் வளரும் புல், கோடையில் காய்ந்து விறகாகிறது. ஒரு பொறி விழுந்தால் போதும், இளங்கன்றுகள் கருகிவிடுகின்றன. புல்லோ வேரிலிருந்து மீண்டும் தளிர்த்து, அடுத்த கோடைக்கு எரிபொருளாய் நிற்கிறது. ஆகவே கோடை வருமுன் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடுகள் அமைப்பதும், தீ மூண்டால் ஓடிச்சென்று தழைகளால் அடித்து அணைப்பதும் நடுவதற்கு நிகரான பணிகளாயின.

வளர்ந்து நிற்கும் மரங்களுக்கும் காவல் வேண்டும். 2016இல் கிரிவலப் பாதையை அகலப்படுத்தும் பணிக்காக மரங்கள் வெட்டப்பட்டபோது எதிர்ப்புக் குரல் எழுந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு பணியை நிறுத்திவைத்தது. வெறுங்காலுடன் நடக்கும் மக்களுக்குச் சாலையோர நிழல் வெறும் அலங்காரமன்று என்பதை அந்நிகழ்வு ஊரறியச் செய்தது.

இவ்வுண்மை நமக்குப் புதிதன்று. ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ கால்நடையோ உண்பது அவருக்குத் தருமமாகிறது என்னும் கருத்துடைய நபிமொழியை அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரியும் முஸ்லிமும் பதிவுசெய்துள்ளனர். உண்ணக் கனி வேண்டுமெனில் மரம் பிழைத்திருக்க வேண்டுமன்றோ! நட்டவரின் பொறுப்பு குழியை மூடுவதோடு முடிவதில்லை என்றே நாம் விளங்கிக்கொள்கிறோம்.

தெருவில் தீக்கு மாறாக ஆடு, வெயில், சிமெண்டு ஆகிய மூன்றும் பகையாகின்றன. ஆட்டுக்கு முள்வேலியோ கம்பிக்கூண்டோ வேண்டும். வெயிலுக்குக் குறைந்தது இரண்டு கோடை நீர் வார்க்க வேண்டும். சாலையோரம் சிமெண்டுத் தளம் போடுகையில் அடிமரத்தைச் சுற்றி மண் திறந்திருக்க விடவேண்டும். இன்றேல் மழைநீரும் காற்றும் வேருக்கு எட்டா. மின்கம்பியின் கீழ் மந்தாரை, நந்தியாவட்டை, செம்பருத்தி போன்ற சிறியனவே ஏற்றவை. இடமுள்ள வீதிகளில் வேம்பும் புங்கும் மகிழும் நிழலளிக்கும். சரக்கொன்றை கோடையிலேயே பொன்சொரியும். விரைந்து வளர்ந்து செந்நிறமாய்ப் பூக்கும் குல்மோகர் கண்ணைக் கவரும். ஆயினும் மடகாஸ்கரிலிருந்து வந்த அம்மரத்தின் கிளைகள் புயற்காற்றில் எளிதில் முறிவன.

நீருக்கு எங்கே போவது என்னும் கேள்வி எழும். நம் பள்ளிவாசல்களில் நாள்தோறும் ஐவேளை ஒளுச் செய்த நீர் பெரும்பாலும் சாக்கடையில் கலக்கிறது. அதனை ஒரு குழாய் வழியே தெருமரங்களுக்குத் திருப்புவது பெருஞ்செலவன்று. ஒரு மஹல்லா நூறு கன்றுகளை நட்டுக் கைவிடுவதினும், பத்து நட்டு, ஒவ்வொன்றையும் ஒரு வீட்டின் பொறுப்பில் விட்டு, அவ்வீட்டாரின் பெயரை ஜமாஅத் ஏட்டில் குறித்து வைப்பது மேலாம். மூன்றாம் ஆண்டில் அவ்வேட்டை விரித்து, நிற்கும் மரங்களை எண்ணிப் பார்ப்போம். நாம் செய்த பணியின் அளவு அப்போதுதான் தெரியும்.