காவல் மணியின் மௌனம்

வீட்டைக் காக்கும் மின்மணி இரவு முழுவதும் ஒலியாதிருப்பின், கள்வர் வரவில்லையென எண்ணி நாம் அமைதியாக உறங்குகின்றோம். ஆயின், அம்மௌனத்துக்குப் பிறிதொரு காரணமும் இருத்தல் கூடும். கம்பியை எலி கடித்திருக்கலாம். உப்புக்காற்று இணைப்பை அரித்திருக்கலாம். கள்வனே அதனை அறுத்திருக்கலாம். கடல்கடந்து வாழும் பழைய மாணவர் சிலர் தம் முதிய பெற்றோரின் இல்லங்களுக்கு இத்தகைய மணிகளைப் பூட்டுவிக்கும் இந்நாளில், இம்மௌனங்களை வேறுபடுத்தி அறியும் வழியை ஆராய்தல் பயனுடைத்தாகும்.

1853 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் அகஸ்டஸ் போப் என்பார் ஆக்கவுரிமை பெற்ற மின்மணியில், கதவு திறக்கும்போதே சுற்று மூடி மின்னோட்டம் பாயும். கதவுக்குச் செல்லும் கம்பி அறுந்துவிட்டால் மணி ஊமையாகும். வீட்டார் அதனை அறியார்.

இதனினும் சிறந்தது மூடிய சுற்று முறை. கதவு சாத்தியிருக்கையில் அதிலுள்ள காந்தம், நிலையிற் பொருத்திய ஆளியை மூடி வைத்திருக்கும். மின்னோட்டம் இடையறாது பாயும். கதவு திறப்பினும் கம்பி அறுப்பினும் ஓட்டம் நின்று மணி ஒலிக்கும். எனினும், இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுக் குறுஞ்சுற்று ஏற்படின், கதவு திறந்த பின்னரும் ஓட்டம் நில்லாது.

இக்குறையைத் தீர்ப்பன இரு சிறு தடையிகள். ஒவ்வொன்றும் 1000 ஓம் எனக் கொள்வோம். ஒன்றை ஆளியுடன் தொடராகவும் மற்றையதை ஆளிக்குச் சமாந்தரமாகவும் இணைத்தல் வேண்டும். கட்டுப்பாட்டுப் பெட்டி 12 வோற்று அழுத்தத்தைத் தன்னகத்துள்ள 1000 ஓம் தடையியினூடாக அளிப்பதாயின், ஓமின் விதிப்படி பெட்டியின் வாயிலிற் காணும் அழுத்தம் பின்வருமாறு அமையும்:

கதவு சாத்தியிருப்பின் 6 வோற்று.
கதவு திறப்பின் 8 வோற்று.
கம்பி அறுந்தால் 12 வோற்று.
குறுஞ்சுற்று ஏற்படின் 0 வோற்று.

இந்நான்கும் தம்முள் மயங்கா. ஆகவே, பகலிற் காவல் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் வேளையிலும், பெட்டி கம்பியின் பழுதை உடனே அறிவித்தல் கூடும். தடையிகளின் அளவு பெட்டிக்குப் பெட்டி வேறுபடும். செய்தோர் குறித்த அளவையே இடுதல் வேண்டும்.

ஈண்டுக் கருத்தூன்ற வேண்டியது யாதெனில், தடையிகள் கதவருகே, ஆளியை ஒட்டியே அமைதல் வேண்டும் என்பதாம். வேலை எளிதென்று அவற்றைப் பெட்டிக்குள்ளேயே பொருத்துவோர் உளர். அங்ஙனமாயின், வெளிக்கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டாலும் பெட்டி 1000 ஓம் தடையையே கண்டு, கதவு சாத்தியிருப்பதாகக் கொள்ளும். தடையி இருந்தும் பயனில்லை.

மாணவர்கள் மூன்று தடையிகள், ஓர் ஆளி, ஒரு மின்கலவடுக்கு, ஒரு வோற்றுமானி ஆகியவற்றைக் கொண்டு இதனைப் பௌதிக ஆய்வுகூடத்திற் செய்து பார்க்கலாம். வீட்டில் மணி பூட்டுவிப்போர், பணம் கொடுக்குமுன் ஆளியருகே ஒரு கம்பியைக் கழற்றியும், பின்னர் இரு கம்பிகளையும் தொடுவித்தும் பெட்டி பழுதுரைக்கின்றதா எனச் சோதித்தறிவாராக.