கேபிள் கரையேறிய கொச்சியும் தொலைவில் நின்ற சர்வரும்: இந்திய இணைய விளையாட்டு அணிகளின் முதல் தலைமுறை

கொச்சி:

இணையவழி விளையாட்டுகளை ஊக்குவிப்பதற்கும் முறைப்படுத்துவதற்குமான சட்டம் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு முழுத் தடை விதித்த அச்சட்டம், இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் மின்விளையாட்டை அவற்றிலிருந்து பிரித்து, முறையான விளையாட்டாக ஏற்றுக்கொண்டது. அந்த அங்கீகாரம் வருவதற்குள் ஒரு தலைமுறை வீரர்கள் ஆடி ஓய்ந்துவிட்டனர். அவர்களுள் பெரும்பாலோரின் அணிப் பெயர்கள் இன்று நினைவில் இல்லை.

அத்தலைமுறையின் வரலாற்றைக் கொச்சியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஜெர்மனி முதல் தென்கொரியா வரை ஏறத்தாழ 39,000 கி.மீ. நீளத்துக்கு அமைக்கப்பட்ட சீ-மீ-வீ 3 கடலடிக் கேபிள், 1990-களின் இறுதியில் இந்தியாவில் இரண்டு இடங்களில் கரையேறியது. ஒன்று மும்பை, மற்றொன்று கொச்சி. தென்னாப்பிரிக்காவையும் மலேசியாவையும் இணைக்கும் சேஃப் கேபிளும் 2002-ல் கொச்சியைத் தொட்டது. உலகின் இணையப் போக்குவரத்து தம் ஊர்க் கடற்கரை வழியாகப் பாய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், இந்நகர இளைஞர்களால் வீட்டிலிருந்தபடி ஓர் இணையப் போட்டியை ஒழுங்காக ஆட இயலவில்லை. இந்த முரணைப் புரிந்துகொண்டால், இந்திய அணிகள் ஏன் தாமதமாகத் தோன்றின, தோன்றியவை ஏன் விரைவில் கலைந்தன என்பதில் பாதி விளங்கிவிடும்.

'பிங்' என்னும் அளவுகோல்

இணையத்தின் வேகம் வேறு, அதன் தாமதம் வேறு. ஒரு திரைப்படத்தைப் பதிவிறக்க வேகம் போதும். துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் வீரர் விசையை அழுத்திய செய்தி, விளையாட்டை நடத்தும் சர்வர் கணினிக்குச் சென்று, அதன் விடை திரும்பி வர வேண்டும். இந்தப் போய்வரும் நேரத்தையே வீரர்கள் 'பிங்' என்கின்றனர். அது மில்லி விநாடிகளில், அதாவது ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில், கணக்கிடப்படுகிறது.

கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. செல்லும். அதன்படி ஒவ்வொரு 1,000 கி.மீ. கேபிளுக்கும் போக 5, வர 5 என 10 மில்லி விநாடிகள் செலவாகும். 10,000 கி.மீ. கேபிளுக்கு அப்பால், ஐரோப்பாவில் உள்ள சர்வரில் ஆடும் இந்திய வீரருக்கு 100 மில்லி விநாடித் தாமதம் இயற்கையே விதித்த குறைந்தபட்ச வரி. இடையிலுள்ள கருவிகளும் சுற்றுப்பாதைகளும் அதற்கு மேல் கூடுதலாகச் சேர்க்கும். திரையில் தோன்றும் ஒன்றைக் கண்டு விரலை அசைக்க மனிதருக்கு ஏறக்குறைய 200 மில்லி விநாடி தேவைப்படும் நிலையில், அதில் பாதியைத் தூரமே விழுங்கிவிட்டால் திறமை எங்கே நிற்கும்? சுவரின் மூலையில் எதிராளி தென்படும்போதே நம் வீரர் சுடப்பட்டு வீழ்ந்திருப்பார்.

கேபிள் ஓர் ஊரில் கரையேறுவதால் மட்டும் அவ்வூருக்குத் தாமதம் குறைந்துவிடாது என்பதும் கவனிக்கத்தக்கது. கேபிள் என்பது நெடுஞ்சாலை போன்றது. விளையாட்டு நடக்கும் சர்வர் அச்சாலையின் எந்த முனையில் இருக்கிறது என்பதே முக்கியம். அக்காலத்தில் அது பெரும்பாலும் ஐரோப்பாவிலோ, அமெரிக்காவிலோ, சிங்கப்பூரிலோ இருந்தது.

மட்டாஞ்சேரிக்கு இத்தகைய அனுபவம் புதிதன்று. இங்குள்ள ஜூ டவுனில் இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வணிகச் சங்கம் 1957 முதல் மிளகு முன்பேர வணிகத்தை நடத்தி வந்தது. தரகர்கள் கூடத்தில் நின்று உரத்த குரலில் கூவி விலை பேசுவர். மின்னணு வணிகம் வந்து, மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியச் சந்தைகள் வலுப்பெற்றபோது அக்கூடத்தின் குரல் அடங்கியது. பொருளும் ஆட்களும் இங்கேயே இருந்தபோதும், ஆட்டம் நடக்கும் இடம் வேறாகிவிட்டது.

ஐவர் கூடிய கடை

தூரத்தின் தடையை வெல்ல அன்று இருந்த ஒரே வழி, எல்லோரும் ஒரே அறைக்கு வருவது. கணினிகளை ஒன்றோடொன்று கம்பியால் இணைக்கும் 'லேன்' முறையில் தாமதம் ஏறத்தாழ இல்லை. எனவே உலகெங்கும் இணைய விளையாட்டு அணிகள் முதலில் இணையத்தில் தோன்றவில்லை. ஒரே அறையில் தோன்றின.

இதில் நார்வேயின் அனுபவம் ஒப்பிடத்தக்கது. அந்நாட்டில் 'தி கேதரிங்' என்ற கணினித் திருவிழா 1992 முதல் ஈஸ்டர் விடுமுறையில் நடந்து வருகிறது. 1994 லில்லேஹாமர் குளிர்கால ஒலிம்பிக்கிற்காக ஹாமர் நகரில் கட்டப்பட்ட, கவிழ்ந்த கப்பல் வடிவிலான பனிச்சறுக்கு அரங்கம் பின்னர் அதன் இடமானது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் தத்தம் கணினிகளைச் சுமந்து வந்து, பல நாள் ஒரே கூரையின்கீழ் ஆடினர். அப்படிப்பட்ட சூழலில் வளர்ந்தவர்களுள் ஓலா மோம் 2003-ல் புகழ்பெற்ற எஸ்.கே. கேமிங் அணியில் இடம்பெற்றார். நார்வே வீரர்களை மையமாகக் கொண்ட என்.ஓ.ஏ. அணி, அமெரிக்காவின் டல்லாஸில் நடைபெற்ற 2004 சி.பி.எல். குளிர்காலக் கவுன்டர்-ஸ்ட்ரைக் போட்டியில் வாகை சூடியது. மக்கள்தொகை அரைக் கோடியைக்கூட எட்டாதிருந்த நாடு அது.

அதே 2004-ல் இந்தியாவில் என்ன நிலை? அவ்வாண்டு அக்டோபரில்தான் மத்திய அரசு தன் அகன்ற அலைவரிசைக் கொள்கையை அறிவித்தது. விநாடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அது 'பிராட்பேண்ட்' எனக் கொள்ளப்படும் என்று அக்கொள்கை வரையறுத்தது. பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் டேட்டாஒன் சேவை 2005 ஜனவரியில் தொடங்கியது. அதற்கு முன் தொலைபேசி வழியே டயல்-அப் இணைப்பு. வீட்டில் யாரேனும் தொலைபேசியை எடுத்தால் ஆட்டம் அறுந்தது.

ஆகவே நம் நாட்டில் ஹாமர் அரங்கத்தின் இடத்தைப் பிரவுசிங் சென்டர்களே வகித்தன. சிஃபி நிறுவனத்தின் ஐ-வே நிலையங்கள், ரிலையன்ஸ் வெப்வேர்ல்டு கடைகள், ஊருக்கு ஊர் முளைத்த தனியார் மையங்கள் ஆகியவற்றில் மணிக்கணக்கில் கட்டணம் செலுத்தி இளைஞர்கள் கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடினர். 1999-ல் வேறொரு விளையாட்டின் மாற்று வடிவமாக இரு ஆர்வலர்கள் உருவாக்கி, 2000-ல் வால்வ் நிறுவனம் முறைப்படி வெளியிட்ட விளையாட்டு அது. பக்கத்துக்கு ஐவர் என்பது அதன் போட்டி மரபு. அந்த 'ஐவர்' என்ற எண்ணே அணியை உருவாக்கியது எனலாம். தனியாக ஆடுபவருக்கு ஒரு கணினி போதும். ஐவருக்கோ ஒரே நேரம், ஒரே இடம், ஒரு தலைவர், ஒரு பெயர் ஆகிய அனைத்தும் தேவைப்பட்டன. பெரும்பாலான தொடக்க கால அணிகளுக்குச் சட்டபூர்வ உருவமோ ஒப்பந்தமோ கிடையாது. ஒருவருக்கு வேலை கிடைத்தால், ஒருவர் மேற்படிப்புக்குச் சென்றால், அணி முடிந்தது.

உலக சைபர் விளையாட்டுகள் போன்ற சர்வதேசப் போட்டிகளுக்கு இந்தியாவிலும் தகுதிச் சுற்றுகள் நடந்தன. வென்றவர்கள் வெளிநாடு சென்று, அதுவரை காணாத ஆட்ட வேகத்தைச் சந்தித்துத் திரும்பினர்.

ஷாங்காயில் முடிந்த கனவு

முதலீடு வந்தது வெகு காலம் கழித்தே. அமெரிக்காவின் ஆப்டிக் கேமிங் நிறுவனம் 2018-ல் இந்திய வீரர்களைக் கொண்டு ஆப்டிக் இந்தியா என்ற கவுன்டர்-ஸ்ட்ரைக் அணியை அமைத்தது. மாத ஊதியம், பயிற்சி, வெளிநாட்டுப் போட்டி என்று இந்திய வீரர்கள் நெடுங்காலம் கேட்டவை கைகூடியதாகத் தோன்றிய தருணம் அது.

2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த எக்ஸ்ட்ரீம்ஸ்லேண்ட் ஆசியப் போட்டியில், வியட்நாம் அணியுடனான ஆட்டத்தின்போது அவ்வணியின் ஒரு வீரரது கணினியை நடுவர்கள் சோதித்தனர். குறிபார்க்க உதவும் மோசடி மென்பொருள், ஆவணம் தட்டச்சும் செயலியின் பெயரில் ஒளிந்திருந்தது கண்டறியப்பட்டது. அணி தகுதி நீக்கம் செய்யப்பட்டது. சில நாள்களில் ஆப்டிக் நிறுவனம் இந்திய அணியையே கலைத்தது. அவ்வீரருக்கு ஐந்தாண்டுத் தடை விதிக்கப்பட்டது.

தவறிழைத்தவர் ஒருவர். வேலையிழந்தவர்கள் எஞ்சிய நால்வரும். அதைவிடப் பெரிய இழப்பு, இந்திய அணிகளில் முதலீடு செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தோர் கொண்ட தயக்கம். கிரிக்கெட்டில் சூதாட்டப் புகார் எழுந்தபோது விசாரிக்க ஒரு வாரியம் இருந்தது. இங்கு உள்நாட்டில் வீரர்களைப் பதிவு செய்யவும், சோதிக்கவும், நிரபராதிகளைக் காக்கவும் அதிகாரம் பெற்ற அமைப்பு எதுவும் அப்போது இல்லை.

கைபேசிக்கு மாறிய களம்

2016-ல் ஜியோ வருகையால் தரவுக் கட்டணம் சரிந்ததும் களம் கணினியிலிருந்து கைபேசிக்கு இடம்பெயர்ந்தது. பப்ஜி மொபைல் விளையாட்டில் ஓர் அணிக்கு நால்வர். பிரவுசிங் சென்டர் தேவையில்லை, விலையுயர்ந்த கணினியும் தேவையில்லை. 2019 மார்ச்சில் ஐதராபாதில் நடந்த இந்தியத் தொடரின் இறுதிச் சுற்றில் நமன் மாத்தூர் தலைமையிலான டீம் சோல் வென்று, அவ்வாண்டு பெர்லினில் நடந்த உலகப் போட்டிக்குச் சென்றது.

ஆனால் 2020 செப்டம்பர் 2 அன்று அவ்விளையாட்டுக்கு மத்திய அரசு தடை விதித்தது. 2021 ஜூலையில் அது பி.ஜி.எம்.ஐ. என்ற புதிய பெயரில் திரும்பியது. 2022 ஜூலை 28 அன்று செயலிக் கடைகளிலிருந்து மீண்டும் நீக்கப்பட்டு, 2023 மே மாதம் மறுபடி அனுமதி பெற்றது. தரவுப் பாதுகாப்பு குறித்த அரசின் கவலைகள் வேறு விவாதம். வீரரின் நிலையிலிருந்து பார்த்தால், மூன்று ஆண்டுகளுக்குள் இருமுறை அவருடைய ஆடுகளமே மறைந்தது. கால்பந்துக்கு உரிமையாளர் என்று யாரும் இல்லை. மின்விளையாட்டிலோ ஒவ்வொரு விளையாட்டும் ஒரு நிறுவனத்தின் சொத்து. விரல் வேகம் உச்சத்தில் இருக்கும் இளமைக் காலத்தில் ஓராண்டு ஓய்வு என்பது சிறு இடைவெளி அன்று.

சூதாட்டமா, விளையாட்டா?

இதற்கிடையே 'ஆன்லைன் விளையாட்டு' என்ற ஒரே சொல் ரம்மியையும் அணிப் போட்டியையும் சேர்த்துக் குறித்தது பெரும் குழப்பம் விளைவித்தது. பணம் வைத்து ஆடும் இணைய ரம்மிக்குக் கேரள அரசு 2021 பிப்ரவரியில் பிறப்பித்த தடையை, கொச்சியில் அமைந்துள்ள கேரள உயர் நீதிமன்றம் அவ்வாண்டு செப்டம்பர் 27 அன்று ரத்து செய்தது. ரம்மி திறமையை முதன்மையாகக் கொண்ட ஆட்டம் என்பது தீர்ப்பின் அடிப்படை. தமிழ்நாட்டில் இதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றமும் மாநிலத் தடைச் சட்டத்தைச் செல்லாது என்றது. பின்னர் தமிழக அரசு புதிய சட்டம் இயற்றியது. இவ்வழக்குகள் எவையும் ஐவர் அணிகளைப் பற்றியவை அல்ல. எனினும் மகன் கைபேசியுடன் அமர்ந்திருப்பதைக் காணும் பெற்றோருக்கு அந்த வேறுபாட்டை விளக்கும் சட்டச் சொல் எதுவும் அப்போது இருக்கவில்லை.

அச்சொல் இரு கட்டங்களில் வந்தது. 2022 டிசம்பரில், பல்துறை விளையாட்டுப் போட்டிகளின் அங்கமான மின்விளையாட்டு, மத்திய இளைஞர் நலன் மற்றும் விளையாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் சேர்க்கப்பட்டது. 2025 சட்டம் வரையறையை மேலும் கூர்மையாக்கியது. முடிவு முற்றிலும் உடல் திறன், மனக்கூர்மை, உத்தி ஆகியவற்றால் தீர்மானிக்கப்பட வேண்டும். போட்டியில் சேர்வதற்கான கட்டணமும் திறமைக்கான பரிசும் இருக்கலாம். பந்தயம் கூடாது. தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தின்கீழ் அங்கீகாரமும் உரிய ஆணையத்தில் பதிவும் வேண்டும்.

களத்தில் கிடைத்த பலன்கள் சிறியவை என்றாலும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் மின்விளையாட்டு கண்காட்சிப் போட்டியாக நடந்தபோது தீர்த் மேத்தா ஹார்த்ஸ்டோன் பிரிவில் வெண்கலம் வென்றார். அது நாட்டின் பதக்கக் கணக்கில் சேரவில்லை. 2022 ஆகஸ்டில் பர்மிங்காம் காமன்வெல்த் மின்விளையாட்டுப் போட்டியில் மொயின் எஜாஸ் தலைமையிலான டோட்டா 2 அணி நியூசிலாந்தை வீழ்த்தி வெண்கலம் பெற்றது. 2023-ல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பதக்கப் பிரிவாக உயர்ந்த மின்விளையாட்டில், இந்திய லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் அணி காலிறுதி வரை சென்று வியட்நாமிடம் தோற்றது.

சர்வர்களின் தூரமும் குறைந்துள்ளது. 2016-ல் அமேசான் நிறுவனம் மும்பையில் தன் கணினி மையங்களைத் திறந்தது. 2020-ல் வெளியான வாலரண்ட் விளையாட்டு தொடக்கத்திலேயே மும்பை சர்வருடன் வந்தது. மட்டாஞ்சேரியில் இன்று ஆடும் ஒருவரின் கட்டளை கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. மும்பைக்குச் சென்று திரும்புகிறது. ஐதராபாத் வீரருக்கும் இவருக்கும் இடையிலான தாமத வேறுபாடு சில மில்லி விநாடிகள் மட்டுமே. 2026 ஐச்சி–நகோயா ஆசிய விளையாட்டின் பதக்கப் பிரிவுகளிலும் மின்விளையாட்டு இடம்பெற்றுள்ளது.